புஷ்பக விமானத்துக்கு எஞ்சின் மாட்ட வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு வந்து, ஒரு டீ கையில வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க. படிச்சு முடிச்சிட்டு எங்களைத் திட்டணும்னா தாராளமா திட்டலாம். ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

முதல்ல எங்க தப்பைச் சொல்லிடுறோம். சில மாதங்களுக்கு முன்னால வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கலர் படம். கூம்பு மாதிரி ஒரு விமானம், உள்ளே அடுக்கடுக்கா அறைகள், பக்கத்தில் சமஸ்கிருத எழுத்து. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்துக்கள் விமானம் ஓட்டினார்கள், ரைட் சகோதரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று கீழே போட்டிருந்தது. பார்க்க ரொம்பப் பெருமையா இருந்தது. நாங்களும் யோசிக்காம பிரிண்ட் எடுத்து, சமய வகுப்பு நடக்கிற மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிட்டோம்.

வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளை, படிவம் இரண்டு படிக்கிறாள், அதை அப்படியே எழுதி எடுத்துக்கிட்டுப் போய் பள்ளியில் அறிவியல் படைப்புக்குப் பேசியிருக்கிறாள். எங்கிருந்து எடுத்தே, ஆதாரம் என்ன என்று கேட்டிருக்காங்க. கோயில்ல போட்டிருக்கு என்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரிச்சிருக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். தேவாரம் பாடும்போது வாய் திறக்கல. வகுப்பு முடிஞ்சதும் வந்து கேட்டாள்: "அண்ணா, புஷ்பக விமானம் பொய்யா? அப்போ ராமாயணமும் பொய்தானா?"

எங்களில் ஒருத்தருக்கும் உடனே பதில் வரல. அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு.

அந்தப் படம் எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் பார்த்தோம். அது "வைமானிக சாஸ்திரம்" என்ற நூலில் உள்ள படம். பரத்வாஜ மகரிஷி எழுதியது என்று சொல்றாங்க. உண்மையில் அது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெங்களூருக்குப் பக்கத்தில் ஆனேக்கல்லைச் சேர்ந்த பண்டிட் சுப்பராய சாஸ்திரி வாய்மொழியாகச் சொல்ல, இன்னொருவர் எழுதி வைத்தது. மகரிஷியிடமிருந்து மனத்தில் பெற்றதாக அவர் சொன்னார். படங்களை வரைந்தவர் எல்லப்பா என்கிற வரைபடக் கலைஞர், பெங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை செய்தவர். மைசூரைச் சேர்ந்த ஜோசியர் என்பவர் 1973-ல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அப்புறம்தான் அது உலகம் சுற்ற ஆரம்பிச்சது. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903. படம் வரைந்தது அதற்குப் பிறகு. யார் யாரிடமிருந்து எடுத்தாங்க என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

"வெள்ளைக்காரன் சொன்னா நம்புவீங்களா?" என்று கேட்பீங்க. இதைச் சோதிச்சவங்க வெள்ளைக்காரர்கள் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர். முகுந்தா, தேஷ்பாண்டே உள்ளிட்ட பொறியியல் ஆய்வாளர்கள். 1974-ல் கட்டுரை வெளியிட்டாங்க. கேலி பண்ணி ஒதுக்கல. சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என்று அந்த நூல் சொல்லும் விமானங்களை எடுத்துக்கிட்டு, சுலோகத்தையும் படித்து, வரைபடத்தையும் பார்த்து, இது பறக்குமா என்று கணக்குப் போட்டாங்க. பறக்காது என்று முடிவு வந்தது. மொழியும் வேத காலத்து மொழி இல்லை, பிற்காலத்து எளிய சமஸ்கிருதம். நூலின் காலம் 1904-க்கு முந்தியது இல்லை என்றும் எழுதினாங்க. அம்பது வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம ஆட்களே முடிச்சு வச்ச விஷயம் இது. அப்படியிருந்தும் 2015-ல் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே இதை மறுபடியும் மேடையேத்தினாங்க. அவ்வளவு பெரிய மேடையே ஏமாறும்போது தம்பினில் ஒரு அறிவிப்புப் பலகை ஏமாந்தது ஆச்சரியமில்லை. ஆனா அதுக்காக அதை அப்படியே விட முடியாது.

இப்போ அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். அப்போ புஷ்பக விமானம் பொய்யா?

நம்ம ஆலயத்தில் கருவறைக்கு மேலே இருக்கிற அமைப்புக்குப் பேர் என்ன? விமானம். கும்பாபிஷேகத்தில் அந்த விமானக் கலசத்தில் தீர்த்தம் ஊத்தும்போது கீழே நின்னு கைகூப்புறோம். அது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகும்னு யாராவது கேட்கிறோமா? எரிபொருள் எங்கே ஊத்துறதுன்னு தேடுறோமா? கேட்டா சிரிப்பாங்க. அது சாமிக்கு உரிய இடம் என்று நமக்குத் தெரியும். புஷ்பக விமானத்தையும் அப்படித்தான் படிக்கணும்னு நாங்க நினைக்கிறோம்.

யுத்த காண்டத்தின் முடிவை நினைச்சுப் பாருங்க. போர் முடிஞ்சு, ராமர் சீதையோடு புஷ்பக விமானத்தில் அயோத்திக்குத் திரும்புகிறார். போகும் வழியில் கீழே பார்த்துக் காட்டிக்கிட்டே வர்றார்: இதோ போர்க்களம், இதோ சேது, அதோ கிஷ்கிந்தை. பிரிஞ்சிருந்தபோது அழுதுகிட்டே நடந்த பாதையை, சேர்ந்த பிறகு மேலேயிருந்து ரெண்டு பேரும் ஒண்ணா பார்க்கிறாங்க. வால்மீகியும் பறந்ததில்லை, கம்பரும் பறந்ததில்லை. மண்ணில் நின்னுகிட்டே, வானத்திலிருந்து பார்த்தா பூமி எப்படித் தெரியும்னு யோசிச்சாங்களே, அதுதான் பெருமை. அங்கே போய் எஞ்சின் எங்கே, இறக்கை எத்தனை அடின்னு கேட்டா, கவிதையும் போச்சு, பொறியியலும் கிடைக்கல.

தமிழ்ப் பெருமை பேசுறவங்களும் இதே வேலையைச் செய்றாங்க. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வருது. சச்சந்தன் ஆட்சி கவிழும் நேரம், கர்ப்பமா இருக்கும் விசயையை அந்த மயில் வடிவப் பொறியில் ஏத்தி அனுப்புகிறான். அது போய் சுடுகாட்டில் இறங்குது. அங்கேதான் சீவகன் பிறக்கிறான். அரண்மனையில் பிறக்க வேண்டிய பிள்ளை சுடுகாட்டில் பிறக்கிறான் என்பதுதான் அங்கே விஷயம். புறநானூற்று 27-ஆம் பாட்டிலும், ஓட்டுநர் இல்லாமலே போகும் வான ஊர்தி என்ற பொருளில் ஒரு தொடர் வருது. "பாருங்க, அப்பவே டிரோன்" என்று ஒரு ஃபார்வர்டு சுத்துது. பாட்டை முழுசா படிச்சா, கொடுத்து வாழ்ந்து புலவர் பாடும் புகழ் பெற்றவங்களுக்குத்தான் அந்த ஊர்தி என்று நலங்கிள்ளியிடம் புலவர் சொல்றார். அதாவது மன்னனே, ஏழைக்குக் கொடு என்கிறார். டிரோனைப் பார்த்தோம், கொடுக்கச் சொன்னதை விட்டுட்டோம்.

சரி, மனுஷன் உண்மையில் எப்படிப் பறக்கக் கத்துக்கிட்டான்? இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லணும். ஏன்னா இந்தக் கதையும் புராணம் மாதிரியே சுவையானது.

ரைட் சகோதரர்கள் காலேஜ் படிச்சு முடிச்சவங்க இல்லை. சைக்கிள் கடை வச்சிருந்தவங்க. நம்ம பக்கத்தில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கும் தம்பிகள் மாதிரின்னு வச்சுக்குங்க. 1899-ல் வில்பர் கடையில் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கையில் வச்சு முறுக்கிக்கிட்டு இருந்தார். அப்பதான் இறக்கையையும் இப்படி முறுக்கினா விமானத்தைச் சாய்த்துத் திருப்பலாம்னு யோசனை வந்தது. 1900-லும் 1901-லும் எஞ்சின் இல்லாத கிளைடர் செஞ்சு, கிட்டி ஹாக் மணல்மேட்டில் பறக்க விட்டாங்க. புத்தகத்தில் போட்டிருந்த அளவுக்கு அது தூக்கல. மனசு உடைஞ்சு வீட்டுக்குத் திரும்பினாங்க.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. அவங்க நம்பின கணக்கில் ஒரு எண் இருந்தது. காற்று ஒரு பலகையை எவ்வளவு பலமாத் தள்ளும் என்பதற்கான எண். ஸ்மீட்டன் என்ற பெரிய பொறியாளர் பேரில் 1759-லிருந்து வந்துகிட்டு இருந்தது. 0.005 என்று எல்லாரும் எழுதினாங்க. பெரியவர் சொன்னது, 140 வருஷமா எல்லாரும் ஒத்துக்கிட்டது என்று அவங்க விட்டுடல. மரத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு பெட்டி செஞ்சு, ஒரு முனையில் காற்றாடி வச்சு, சைக்கிள் கம்பியிலும் ரம்பத் தகட்டிலும் தராசு செஞ்சு, 200-க்கும் கிட்டத்தட்ட இறக்கை வடிவங்களைச் சின்னச்சின்னதா வெட்டிச் சோதிச்சாங்க. உண்மையான எண் 0.0033 பக்கம் வரும்னு கண்டுபிடிச்சாங்க. பெரியவர் சொன்ன எண்ணையே சோதிச்சுத் திருத்தினவங்கதான் பறந்தாங்க.

1903 டிசம்பர் 17. முதல் பறத்தல் 12 விநாடி, 120 அடி. நம்ம மண்டபத்து வாசலிலிருந்து தேர் நிறுத்தும் இடம் வரைக்கும் கூட வராது. அன்னைக்கே நாலாவது தடவை 59 விநாடி, 852 அடி. அவ்வளவுதான்.

இறக்கை எப்படித் தூக்குதுன்னு பிள்ளைகளுக்கு விளக்க ஒரு சுலபமான வழி இருக்கு. காரில் போகும்போது ஜன்னல் வழியா கையைக் கொஞ்சமா நீட்டி (அப்பா அம்மா கார் ஓட்டும்போது, பத்திரமா), உள்ளங்கையை லேசா மேல்நோக்கிச் சாய்க்கச் சொல்லுங்க. கை தானா மேலே போகும். கை காற்றைக் கீழே தள்ளுது, காற்று கையை மேலே தள்ளுது. இறக்கைக்கு மேலே காற்றழுத்தம் குறையும், கீழே கூடும். பட்டம் ஏறுவதும் இதே கணக்குதான். கிளந்தானில் விடும் வாவ் பட்டமும் சரி, நம்ம தோட்டத்துப் பசங்க பழைய நாளிதழில் ஒட்டி விட்ட பட்டமும் சரி, காத்துக்குச் சாய்ஞ்சு நின்னாதான் ஏறும்.

இன்னொன்றையும் நேர்மையா சொல்லணும். இறக்கைக்கு மேல் போகும் காற்றும் கீழ் போகும் காற்றும் ஒரே நேரத்தில் பின்னால் சந்திக்கணும், அதனால்தான் மேல் காற்று வேகமாப் போகுது என்று பல பாடப்புத்தகங்களில் போட்டிருக்கும். நாங்களும் பள்ளியில் அப்படித்தான் மனப்பாடம் பண்ணோம். அது தப்பு. சந்திக்கணும் என்று ஒரு விதியும் கிடையாது. உண்மையில் மேல் காற்று முந்திக்கிட்டே போயிடுது. ஆக, "அறிவியல்" என்று பேர் போட்டு வரும் ஃபார்வர்டையும் சோதிக்கத்தான் வேணும். கோயில் பலகைக்கு ஒரு நியாயம், பாடப்புத்தகத்துக்கு ஒரு நியாயம் என்று நாங்க சொல்லல.

"அப்போ நமக்குப் பெருமைப்பட ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்பவங்களுக்கு: இருக்கு. நிறைய இருக்கு. 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் நடந்த போரில், ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் இரும்புக் குழாயில் செஞ்ச ராக்கெட்டுகளை ஆங்கிலேயர் மேல் ஏவினாங்க. பின்னால் அந்த ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துத்தான் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செஞ்சார். இதுக்கு ஆதாரம் உண்டு. 2018-ல் கர்நாடகாவில் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பழைய கிணற்றைத் தூர்வாரினபோது ஆயிரத்துக்கும் மேல் அந்த ராக்கெட் குழாய்கள் கிடைச்சது. துரு பிடிச்ச இரும்பு. கையில் எடுத்துப் பார்க்கலாம். அமெரிக்க விண்வெளி மையம் ஒன்றில் திப்பு சுல்தான் படை ஆங்கிலேயரோடு போரிடும் ஓவியம் மாட்டியிருந்ததைப் பார்த்ததாக அப்துல் கலாம் ஐயா "அக்கினிச் சிறகுகள்" நூலில் எழுதியிருக்கார். ஆதாரம் உள்ள பெருமை கையில் இருக்கும்போது, இல்லாத பெருமையை எதுக்கு ஒட்டணும்?

கலாம் ஐயா பேர் வந்ததால் இன்னொன்றும் சொல்லணும். அவர் பிறந்த ஊர் ராமேஸ்வரம். சேது கட்டிய இடம். புஷ்பக விமானம் இந்த வழியாத்தான் போச்சு என்று சொல்ல உலகத்திலேயே உரிமை உள்ள ஊர் அதுதான். அங்கே ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்கிற ஆசிரியர், பறவை எப்படிப் பறக்குதுன்னு கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பசங்களுக்குப் புரியல. சாயந்திரம் எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய், பறக்கும் பறவைகளைக் காட்டி, இறக்கை அடிப்பதையும் வால் திரும்புவதையும் பார்க்கச் சொன்னார். அன்னைக்குத்தான் பறத்தல் தன் வாழ்க்கையாச்சு என்று கலாம் பல மேடைகளில் சொன்னார். பிறகு குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் படிச்சார்.

அந்த ஆசிரியர் ஆசாரமான ஐயர். ராமாயணம் தெரியாதவர் இல்லை. ஆனா பறத்தலைச் சொல்லிக் கொடுக்க அவர் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போனது பறவைகளிடம். அதனால அவர் பக்தி குறைஞ்சிடுச்சா? ராமேஸ்வரம் கோயில்தான் சின்னதாப் போச்சா?

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். நம்ம தாத்தா பாட்டிகள் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி, ஒரு வாரம் போல கடலில் கிடந்து பினாங்கு வந்தாங்க. திரும்பிப் போய் அம்மா முகத்தைப் பார்க்காமலே பால் மரத்துக்கடியில் முடிஞ்சவங்க எத்தனை பேர்! இன்னைக்கு சிப்பாங்கில் ஏறினா நாலு மணி நேரத்தில் சென்னை. அந்த விமான நிலையமே 1998-ல் திறக்குறதுக்கு முன்னால் செம்பனைத் தோட்டமா இருந்த நிலம். தோட்டத்துக்கு மேலேதான் விமானம் பறக்குது. அதில் ஏறிப் போறவங்களா மட்டும் நம்ம பிள்ளைகள் இருந்தாப் போதுமா? அதைச் செய்றவங்களா, பழுது பார்க்கிறவங்களா, ஓட்டுறவங்களா வரணும். அதுக்கு "எல்லாம் நாங்க எப்பவோ கண்டுபிடிச்சிட்டோம்" என்ற வாக்கியம் உதவாது. கண்டுபிடிச்சு முடிச்ச வீட்டில் பிள்ளைக்குச் செய்ய வேலை என்ன இருக்கு?

சிலர் சொல்வாங்க, "சும்மா ஒரு பெருமைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?" நஷ்டம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தது. கோயிலை நம்பிப் பேசின ஒரு பிள்ளை, கோயிலால் அவமானப்பட்டாள். ஒரு படம் பொய்யானதும் ராமாயணம் முழுக்கப் பொய்யோன்னு அவளுக்கு சந்தேகம் வந்திடுச்சு. நாத்திகர்கள் செய்யாத வேலையை நாங்க ஒரு பிரிண்ட் எடுத்துச் செஞ்சிட்டோம்.

அவளிடம் நாங்க சொன்ன பதில் இது: "ராமாயணம் பொய்யில்லம்மா. அது விமானம் செய்யக் கத்துக்கொடுக்க வந்த நூல் இல்லை, மனுஷனா வாழக் கத்துக்கொடுக்க வந்த நூல். ராவணன் குபேரனிடமிருந்து பறிச்ச விமானத்தை, ராமர் காரியம் முடிஞ்சதும் குபேரனுக்கே திருப்பி அனுப்பிட்டார். அடுத்தவங்க பொருளைத் தனதுன்னு சொல்லிக்கல. தப்பு உன் மேல இல்லை, அந்தப் படத்தை ஒட்டின எங்க மேல." அவள் ஒண்ணும் சொல்லல. தலையை மட்டும் ஆட்டினாள். அடுத்த வாரமும் வகுப்புக்கு வந்தாள். அது போதும் எங்களுக்கு.

இனி நாங்க செய்யப் போறது:

ஒன்று, அந்தப் படத்தைக் கழட்டியாச்சு. இனிமேல் பலகையில் எது ஒட்டினாலும் மூணு கேள்வி கேட்போம். யார் சொன்னது? எப்போது சொன்னது? யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா? பதில் இல்லைன்னா ஒட்ட மாட்டோம். குழுவிலும் ஃபார்வர்டு பண்ண மாட்டோம்.

இரண்டு, வரும் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு, தேவாரமும் அன்னதானமும் முடிஞ்சதும் மண்டபத்தில் பிள்ளைகளோடு காகித விமானமும் பட்டமும் செய்யப் போறோம். எது எத்தனை அடி போச்சுன்னு பிள்ளைகளே அளந்து எழுதணும். இறக்கையை மாத்தி மறுபடியும் விடணும். ரைட் சகோதரர்கள் செஞ்சதும் அதுதான்.

மூணு, இது உங்களுக்கான வேண்டுகோள். உங்க மகனோ மருமகளோ அண்ணனோ, தம்பின், கெமஞ்சே, கெமாஸ் பக்கத்துப் பிள்ளை யாராவது, சிப்பாங்கிலோ சுபாங்கிலோ விமானப் பராமரிப்பிலோ விமானத்திலோ வேலை செஞ்சா, ஒரு மணி நேரம் வந்து பேசச் சொல்லுங்க. மேடை, மாலை எல்லாம் கிடையாது. பாயில் உட்கார்ந்து பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொன்னா போதும். மத்தியானம் சாப்பாடு எங்க பொறுப்பு.

மாற்றுக் கருத்து இருந்தா கமெண்டில் சொல்லுங்க. மரியாதையா பேசுவோம். எங்க தகவலில் தப்பு இருந்தாலும் சொல்லுங்க, திருத்திக்கிறோம். திருத்திக்கிறதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

திருச்சிற்றம்பலம்.

ஆலயத் தொண்டர்கள்,
தம்பின்